டோன்ஆர்மின் ஒலியா, பொருத்திய கையின் ஒலியா?

"எஸ்எம்இ சீரிஸ் ஃபைவ் கொஞ்சம் இருண்ட ஒலி." "எஃப்ஆர்-64எஸ் தரும் பேஸ் வேறு எதிலும் வராது." "ரேகா ஆர்ம் துடிப்பானது, ஆனால் மெலிந்து கேட்கும்." டர்ன்டேபிள் பிரியர்கள் நாலு பேர் கூடினால், டோன்ஆர்ம்களைப் பற்றி, அதாவது இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கி நகரும் தண்டுகளைப் பற்றி, இப்படிப்பட்ட தீர்ப்புகள் காதில் விழும். இதை நம்பித்தான் பலரும் லட்சக்கணக்கில் பணம் போட்டு ஆர்மை மாற்றுகிறார்கள். என் கருத்தில், இந்தத் தீர்ப்புகளில் பெரும்பகுதி அன்று ஆர்மின் முனையில் மாட்டியிருந்த கார்ட்ரிட்ஜையும் (ஊசியைக் கொண்ட சிறு பெட்டி) அதைப் பொருத்திய விதத்தையும் பற்றியவை. ஆர்மின் பங்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒரு கடையில் ஒரு டர்ன்டேபிளில் ஓர் ஆர்ம், இன்னொரு கடையில் வேறு டர்ன்டேபிளில் வேறு ஆர்ம் என்று கேட்டுவிட்டு முடிவுக்கு வருவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கவனமானவர்கள் ஒரே கார்ட்ரிட்ஜைக் கழற்றி இரண்டு ஆர்மிலும் மாட்டிக் கேட்கிறார்கள். நியாயமான சோதனை போலத் தோன்றும் இதில்தான் மிகப் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது.

ஊசியைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அது எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதே கம்ப்ளையன்ஸ். ஆர்மின் செயல் நிறையும் (ஊசி இருக்கும் இடத்தில் உணரப்படும் ஆர்மின் நிறை) கார்ட்ரிட்ஜின் எடையும் சேர்ந்து அந்த ஸ்பிரிங்கின் மேல் ஏறும் சுமை. இவை இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைவது நல்லது. அதற்கும் கீழே போனால் இசைத்தட்டின் நெளிவுகள் அதைத் தூண்டிவிடும்: வூஃபர் கூம்பு முன்னும் பின்னும் ஆடும், நீண்ட சுருதி நடுங்கும். மேலே ஏறினால் பேஸைத் தொடத் தொடங்கும். கணக்கு எளிது. மொத்த நிறையைக் கிராமிலும் கம்ப்ளையன்ஸை மில்லிநியூட்டனுக்கு மைக்ரோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதால் வகுக்க வேண்டும்.

இரண்டு ஆர்ம்களை எடுத்துக்கொள்வோம். எஸ்எம்இ சீரிஸ் ஃபைவின் செயல் நிறை சுமார் 11 கிராம். ஜப்பானின் ஃபிடிலிட்டி ரிசர்ச் செய்த எஃப்ஆர்-64எஸ் எஃகுக் குழாய் கொண்டது; அதன் செயல் நிறை சுமார் 35 கிராம். கம்ப்ளையன்ஸ் 20, திருகுகளோடு எடை 7 கிராம் உள்ள ஒரு எம்எம் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜை இரண்டிலும் மாட்டினால், எஸ்எம்இயில் 8.4 ஹெர்ட்ஸ், எஃப்ஆரில் 5.5 ஹெர்ட்ஸ் வருகிறது. கேட்பவர் எஸ்எம்இ தெளிவானது, எஃப்ஆர் தளர்ந்தது என்று எழுதுவார். இப்போது டெனான் டிஎல்-103 மாட்டுங்கள். திருகுகளோடு 9.5 கிராம், கம்ப்ளையன்ஸ் சுமார் 10. எஸ்எம்இயில் 11 ஹெர்ட்ஸ், எஃப்ஆரில் 7.5 ஹெர்ட்ஸ். இப்போது எஃப்ஆர் ஏறக்குறைய சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அதே ஆளே அதன் பேஸைப் புகழக்கூடும். ஆர்ம் மாறவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது.

இந்தக் கணக்கிலேயே ஒரு பள்ளம் உண்டு. டெனான் தன் விவரத் தாளில் தரும் கம்ப்ளையன்ஸ் 5. ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. 10 ஹெர்ட்ஸுக்கு மாற்ற ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆக்க வேண்டும். 5-ஐ அப்படியே போட்டால் எஸ்எம்இயில் 15 ஹெர்ட்ஸுக்கு மேல் விடை வரும், நல்ல ஜோடியைத் தேவையில்லாமல் ஒதுக்கிவிடுவோம்.

ஆகவே கனமான ஆர்மையும் இலேசான ஆர்மையும் ஒப்பிடும்போது இரண்டுக்கும் பொருந்தும் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கார்ட்ரிட்ஜோடு ஜோடிகளாக ஒப்பிட்டு, "இந்த ஜோடி எனக்குப் பிடித்தது" என்று மட்டும் சொல்வதே நேர்மை.

அடுத்து, கோணம். கோணம் பார்க்க உதவும் ப்ரொட்ராக்டரில் பேர்வால்ட் முறைப்படி பொருத்தினால் தட்டின் மையத்திலிருந்து 66 மற்றும் 120.9 மில்லிமீட்டரில் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும். ஸ்டீவன்சன் முறை உட்புற நேர்ப்புள்ளியை 60.3 மில்லிமீட்டருக்குத் தள்ளி, கடைசிப் பாட்டைக் காப்பாற்றும். ஓர் ஆர்மை ஒரு முறையிலும் மற்றதை வேறு முறையிலும் பொருத்திவிட்டு, பக்கத்தின் கடைசிப் பாட்டை வைத்து ஆர்மை எடைபோடுவது வீண். 12 அங்குல ஆர்ம்களின் கோணப் பிழை குறைவுதான். ஆனால் நீளத்தோடு நிறையும் கூடும். பொருத்துவதில் நேரும் சிறு பிசகும் அதில் அதிகமாகத் தண்டிக்கும்.

ஊசி அழுத்தத்தை ஆர்மில் அச்சிட்ட எண்களை நம்பி வைக்காதீர்கள். ஒரே டிஜிட்டல் தராசில், தட்டின் பரப்பு இருக்கும் அதே உயரத்தில், இரண்டையும் அளக்க வேண்டும். ஆர்மின் பின்பக்க உயரத்தைக் கால் மில்லிமீட்டர் மாற்றியதும் ஒலிமேடையே விரிந்தது என்பவர்கள் உண்டு. 230 மில்லிமீட்டர் ஆர்மில் ஊசிக் கோணம் ஒரு டிகிரி மாறவே 4 மில்லிமீட்டர் உயரம் மாற வேண்டும். பல ஆர்ம்களில் உயரத்தோடு அழுத்தமும் சற்று மாறும். அவர்கள் கேட்டது அதுவாக இருக்கலாம். உயரத்தைத் தொட்டால் தராசையும் மறுபடி எடுங்கள்.

பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று கேபிள். எம்எம் கார்ட்ரிட்ஜின் உயர் அதிர்வெண் ஒலிகள் கேபிளின் மின்தேக்கத்தைப் பொறுத்து மாறும். ஆர்ம் மாறும்போது அதன் கேபிளும் மாறுவதால், 100 பிகோஃபாரட் வித்தியாசம் ஆர்மின் "பளிச்" ஒலியாகக் கணக்கில் ஏறிவிடும். குறைந்த வெளியீட்டு எம்சி (சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜில் இந்தக் கவலை இல்லை.

கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டி அளவுகளைச் சரிசெய்ய எப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முன்பு கேட்ட ஒலி நினைவில் மங்கிவிடும். கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்பிலிருந்து 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரே பகுதியை இரண்டு ஆர்மிலும் பதிவு செய்து, ஒலி அளவை 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்து, எது எதுவென்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு கார்ட்ரிட்ஜ்களை வைத்து ஒப்பிடுபவர்களுக்கு இந்தச் சமன் இன்னும் அவசியம். அவற்றின் வெளியீடு ஒன்றுபோல் இருக்காது, அதிகச் சத்தம் போடுவது எப்போதும் நன்றாகவே தோன்றும்.

இவ்வளவும் சமனான பிறகு எஞ்சுவதுதான் ஆர்ம். பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, குழாய் தானாக அதிர்கிறதா, ஒரே கூர்முனையில் தாங்கி நிற்கும் ஒற்றைமுனை ஆர்ம் பக்கவாட்டில் சாய்கிறதா என்பதெல்லாம் அப்போது கேட்கும். பியானோவில் ஒரு சுரம் தொடங்கி அடங்கும் விதத்தையும், தம்புராவின் நிலைத்த சுருதியையும், தாழ்ந்த பேஸ் சுரங்களைத் தனித்தனியாகப் பிரித்து அறிய முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். வித்தியாசம் இருக்கும். அந்த நாலு பேர் கூட்டத்தில் சொன்ன அளவுக்குப் பெரிதாக இருக்காது. அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அதைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.