வேகமாக வெட்டினால் பதற்றம் வந்துவிடுமா? மாண்டேஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாண்டேஜ் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது பாட்டுதான். வாயசைப்பு இருக்காது, பின்னணியில் பாட்டு ஓடும், காதலர்கள் பைக்கில் போவார்கள், மழையில் நனைவார்கள், ஆறு மாதம் நாலு நிமிடத்தில் கடந்துவிடும். அதுவும் மாண்டேஜ்தான், தப்பில்லை. ஆனால் 1920களில் சோவியத் ரஷ்யாவில் இந்தச் சொல்லை வைத்து மல்லுக்கட்டியவர்களின் கேள்வி வேறு. இரண்டு ஷாட்டை ஒட்டியதும், இரண்டிலும் இல்லாத ஒன்று பார்ப்பவர் மனதில் முளைக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? இதை மறந்துவிட்டு எடிட்டில் உட்கார்ந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு, நான் பார்த்த ஒரே குறும்படம் போதும்.

தெரிந்த தம்பி ஒருவன் எடுத்தது. க்ளைமாக்ஸில் காது கேட்காத அப்பா சைக்கிளில் ரயில்வே கேட்டை நோக்கி வருகிறார். ரயிலும் வருகிறது. 40 வினாடியில் 60 கட். பெடல், சக்கரம், எஞ்சின், கண், மறுபடி பெடல், எஞ்சின், வியர்வை. பார்த்து முடித்தபோது எனக்குத் தலை சுற்றியது. அந்த மனிதருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் மட்டும் வரவில்லை.

வேகமாக வெட்டினால் பதற்றம் கூடும் என்று நம்பாதவர்களே இல்லை. அதற்குச் சாட்சியாக எல்லோரும் இழுத்து வருவது சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டீனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ (1925) படத்தின் ஒடெசா படிக்கட்டுக் காட்சியை. அதையே கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். படிக்கட்டில் கூடிய மக்களைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள். ஒரு தாய்க்குக் குண்டு பாய்ந்துவிட்டது. அவள் கைகள் இடுப்பு பெல்ட்டின் கொக்கியைப் பற்றுகின்றன. குழந்தை வண்டியின் சக்கரம் படி விளிம்பில் முன்னும் பின்னும் ஆடுகிறது. மறுபடி தாய், மறுபடி சக்கரம். வண்டி இன்னும் விழவில்லை. அவள் சரிந்து, அவள் உடம்பே வண்டியை முட்டித் தள்ளிய பிறகுதான் அது உருள ஆரம்பிக்கிறது. நம் வயிற்றைப் பிசைவது அதுவரை ஐசன்ஸ்டீன் நம்மைக் காக்க வைத்த நேரம். அந்த நேரத்தை அவர் கட் போட்டே உண்டாக்கியிருக்கிறார். அங்கே கட் காலத்தை நீட்டுகிறது, சுருக்கவில்லை.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வும் (1960) அப்படித்தான். குளியலறைக் கொலையைப் படமாக்க மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள், கட்டுகள் மழையாகக் கொட்டும். ஆனால் அது கத்தி இறங்க ஆரம்பித்த பிறகு. அதற்கு முன்னால், குளிக்கும் பெண்ணுக்குப் பின்னால் திரைச்சீலையில் ஒரு நிழல் மெதுவாகப் பெரிதாகிறது. அந்த ஷாட்டை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. பதற்றம் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன்: “எஞ்சினைக் கொஞ்ச நேரம் மறந்துடு. காலித் தண்டவாளத்தை நாலு வினாடி வை. அப்புறம் அப்பா.”

அப்பாவிடமும் ஒரு சிக்கல் இருந்தது. ரயில் வருவது அவருக்குத் தெரியாது, ஆனால் க்ளோசப்பில் முகம் பயந்து வெளிறிக் கிடந்தது. ஷூட்டிங்கில் “இன்னும் கொஞ்சம் எக்ஸ்பிரஷன் குடுங்க” என்று கேட்டு வாங்கியிருக்கிறான். சோவியத் இயக்குநர் குலெஷோவின் சோதனையைக் கேள்விப்பட்ட எவரும் இந்தத் தப்பைச் செய்யக் கூடாது. மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை லெவ் குலெஷோவின் குழுவினர் மூன்று ஷாட்களோடு ஒட்டினார்கள். அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதியிருப்பதன்படி, அவை ஒரு சூப் தட்டு, சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் சூப்பை மறந்த யோசனை, துக்கம், மகிழ்ச்சி என்று மூன்றையும் அந்த முகத்தில் கண்டு நடிப்பை மெச்சினார்களாம். சும்மா வெறித்த முகம்தான் எதையும் ஏற்கும். ஏற்கெனவே பயத்தைப் பூசிவைத்த முகத்தில் பக்கத்து ஷாட் எழுத ஒன்றுமே மிச்சமிருக்காது.

வரிசையும் அர்த்தத்தை மாற்றும். சிரிக்கும் முகம், துப்பாக்கி, பயந்த முகம் என்று வைத்தால் ஆள் கோழை. முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் இடம் மாற்றினால் அவனே தைரியசாலி. ஷூட் பண்ணிய வரிசையிலேயே அடுக்கிவிட்டு “சீன் ஒர்க் ஆகல” என்று புலம்புகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம்.

திசை விஷயத்தைச் சொன்னால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சைக்கிள் இடமிருந்து வலம் போகிறது, ரயிலும் இடமிருந்து வலம் போகிறது. மாற்றி மாற்றி வெட்டியதில் அப்பா ரயிலோடு பந்தயம் ஓடுவது போல ஆகிவிட்டது. ஒடெசா காட்சியில் மொத்தக் கூட்டமும் படி இறங்கி ஓடும்போது, அடிபட்ட மகனைக் கையில் ஏந்திய ஒரு தாய் மட்டும் படியேறிச் சிப்பாய்களை நோக்கிப் போகிறாள். அவளைப் பார்த்ததும் மனம் பதறுகிறது, திசை ஒன்று போதுமானதாக இருக்கிறது. தம்பியின் ஃபுட்டேஜில் நல்லவேளையாக எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ரயில் ஷாட் ஒன்று கிடைத்தது.

இணையத்தில் எடுத்த ஒரு டிரம்ஸ் டிராக்கைப் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட் வைத்திருந்தான். ரீல்ஸுக்குச் சரி. இங்கே காட்சி முழுக்க டிரம்ஸுக்குத்தான் வேலை செய்தது. ம்யூட் பண்ணி ஓட்டச் சொன்னேன். பாதி கட்டுக்குக் காரணமே இல்லை என்று அவனே ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகும் நடுவில் ஒரு மெழுகுவத்தி அணைந்துகொண்டிருந்தது. உயிர் போவதற்குக் குறியீடாம். ஐசன்ஸ்டீனே இதில் அடிபட்டவர். ‘ஸ்ட்ரைக்’ (1925) படத்தில் தொழிலாளர்கள் கொல்லப்படும்போது கசாப்புக்கூடத்தில் மாடு அறுபடுவதை இடையிடையே சேர்த்திருந்தார். கதைக்கும் அந்த மாட்டுக்கும் சம்பந்தமில்லை. தன் மாட்டைத் தானே அறுத்துப் பழகிய விவசாயியிடம் அந்த ஒப்புமை எடுபடாது என்று பின்னர் அவரே எழுதினார். ஒரு குறியீடு பார்ப்பவரின் வாழ்க்கையில் என்னவாக இருக்கிறதோ, அப்படித்தான் திரையிலும் நிற்கும். நம் ஊரில் மெழுகுவத்தி அணைந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியில் 60 கட் 23 ஆனது. காலித் தண்டவாளம் நாலு வினாடி நின்றது. ஹார்டு டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான்: “அண்ணா, மெழுகுவத்திய மட்டும் வெச்சுக்கலாமா?”