தொலைதூரக் குவேசாரின் நிறமாலையைப் படிப்பது எப்படி?

மையத்திலுள்ள பெருங்கருந்துளை வாயுவை விழுங்குவதால் ஒளிரும் விண்மீன் திரள்களைச் செயல்மிகு விண்மீன் திரள்கள் என்பர்; அவற்றின் மிகப் பிரகாசமான மையங்களே குவேசார்கள். தொடக்ககால அண்டத்தில் இவை எவ்வாறு வளர்ந்தன என்பதை அறிய விரும்புவோர், படங்களை விட நிறமாலைகளிலிருந்து, அதாவது ஒளியின் அளவை அலைநீளம் வாரியாகக் காட்டும் வரைபடங்களிலிருந்து, தொடங்குவதே நல்லது. ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்னும் வான் கணக்கெடுப்பு பதிவுசெய்த லட்சக்கணக்கான குவேசார் நிறமாலைகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

முதலில் அகன்று உயர்ந்த முகடுகளைத் தேடுங்கள். ஆய்வகத்தில் ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு 121.6 நானோமீட்டரிலும், மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பனின் கோடு 154.9 நானோமீட்டரிலும் அமையும். முகடுகள் 486.4, 619.6 நானோமீட்டரில் தென்பட்டால், இரண்டு அலைநீளங்களும் சரியாக நான்கு மடங்கு நீண்டிருக்கின்றன. அந்த நான்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி, அதாவது அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு, 3. அதாவது, பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 215 கோடி ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி அது. ஒற்றைக் கோட்டை நம்பி முடிவுசெய்யக் கூடாது. 1963இல் வானியலாளர் மார்ட்டென் ஷ்மிட் 3சி 273 என்னும் குவேசாரின் செம்பெயர்ச்சி 0.158 என்று கண்டறிந்ததும் பல கோடுகளின் ஒழுங்கான வரிசையை வைத்துத்தான். கார்பன் கோடு சற்று நீலப்பக்கம் விலகியிருந்தால் கலங்க வேண்டாம். நம்மை நோக்கிப் பீறிடும் வாயுவால் அவ்வாறு நேர்வதுண்டு.

அடுத்து, லைமன்-ஆல்ஃபாவின் இடப்பக்கத்தை, அதாவது குறைந்த அலைநீளப் பக்கத்தை, கவனியுங்கள். செம்பெயர்ச்சி 3இல் அங்கே வழியிலுள்ள ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சியதால் விழும் மெல்லிய பள்ளங்களான உறிஞ்சுகோடுகள் அடர்ந்திருக்கும். 6ஐத் தாண்டினால், வழியிலுள்ள மின்னூட்டமற்ற ஹைட்ரஜன் ஒளியை ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடும்.

பல குவேசார்களை எண்ணி ஒப்பிடும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். தொலைவில் மிகப் பிரகாசமானவை மட்டுமே தெரியும் என்பதால், எல்லாக் காலங்களுக்கும் ஒரே உள்ளார்ந்த ஒளிர்வு வரம்பை வைத்து, சம கன அளவுகளில் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் பிரகாசமான குவேசார்களின் எண்ணிக்கை செம்பெயர்ச்சி 2க்கும் 3க்கும் இடையே உச்சம் தொட்டு, பின்னர் வெகுவாகச் சரிவது தெரியும்.

கோட்டின் அகலம் கருந்துளையைச் சுற்றும் வாயுவின் வேகத்தைத் தருகிறது; அதையும் ஒளிர்வையும் கொண்டு கருந்துளையின் நிறையை மதிப்பிடலாம். யுலாஸ் ஜே1342+0928 என்னும் குவேசாரின் செம்பெயர்ச்சி 7.54, பெருவெடிப்புக்கு 69 கோடி ஆண்டுகளுக்குப் பின் அதன் கருந்துளை ஏறத்தாழ 80 கோடி சூரிய நிறையை எட்டியிருந்தது. விழும் வாயுவை ஒளியின் அழுத்தமே தடுத்துவிடும் உச்ச அளவான எடிங்டன் வரம்பில் இடையறாது உண்ணும் கருந்துளை சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை 2.7 மடங்காகும், 100 சூரிய நிறையில் தொடங்கினால் இந்த அளவை எட்ட ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே அதன் விதை, அதாவது தொடக்கக் கருந்துளை, பல்லாயிரம் சூரிய நிறையுடன் பிறந்திருக்க வேண்டும், அல்லது சில காலமேனும் அது வரம்பை மீறி உண்டிருக்க வேண்டும்.