கூட்டமாகப் போங்கள், நாலு நாலு பேராகச் சுற்றுங்கள்

பங்காளி வீடு, சம்பந்தி வீடு, பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம் எல்லாம் சேர்ந்தால் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் குடும்பம் முப்பது பேருக்குக் குறையாது. விடுமுறை வந்து பிள்ளைகள் "தீம் பார்க்" என்று ஆரம்பித்துவிட்டால் ஏற்பாடு முழுவதும் என்னிடம்தான் வரும். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தலை எண்ணுவதும், பதிவேடு எழுதுவதும், பசியோடு நிற்கும் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைப்பதும் பழகிய வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பெரிய கும்பலாகப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முப்பது பேரும் கடைசி வரை ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மீதிப் பேர் வெயிலில் நிற்கிறார்கள். ஒரு குழந்தை பயந்து அழுதால் அந்த ரைடே யாருக்கும் இல்லை என்றாகிவிடுகிறது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு நாலு ரைடுகூடத் தேறாது.

முதலில் நாளைச் சரியாகப் பிடியுங்கள். நம் பக்கத்திலிருந்து காலையில் போய் இரவு திரும்பக்கூடிய பெரிய பார்க் என்றால் பெங்களூரு - மைசூரு சாலையில் பிடதிக்குப் பக்கத்தில் 2005-இல் திறந்த வொண்டர்லாதான். சென்னைக்கும் 2025 டிசம்பரில் ஒன்று வந்துவிட்டது, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். ஆனால் தர்மபுரியிலிருந்து அங்கே போனால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரை ஊட்டிப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், தனியாக ஒரே நாளில் போய் வருவது உடம்புக்கு ஆகாது.

பிடதிக்குப் போவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பார்க் இருப்பது கர்நாடகத்தில், நம் விடுமுறை தமிழ்நாட்டினுடையது. பொங்கலுக்கு மறுநாள் திருவள்ளுவர் தினம், அதற்கடுத்து உழவர் திருநாள். நமக்கு இரண்டும் விடுமுறை. அங்கே சங்கராந்தியோடு முடிந்துவிடும். அந்த நாட்கள் வாரநாளாக விழுந்தால் பெங்களூரில் பள்ளியும் ஆபீசும் நடந்துகொண்டிருக்கும், பார்க்கில் மூச்சு விடலாம். கோடையிலும் அப்படித்தான். அங்கே பெரும்பாலும் மே கடைசியிலேயே பள்ளி திறந்துவிடுவார்கள், நமக்கு ஜூனில்தான். அந்த இடைவெளியில் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். அவர்களுடைய தசரா விடுமுறையிலும் நவம்பர் 1 ராஜ்யோத்சவத்திலும் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். ஜனவரியில் காலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், சளி பிடிக்கும் குழந்தை இருந்தால் யோசியுங்கள். காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் வாரத்திலோ, பந்த் என்று செய்தி வந்தாலோ தேதியைத் தள்ளிவிடுங்கள். ஓசூர் எல்லை ஜூஜூவாடியில் வண்டியோடு குழந்தைகள் காத்துக் கிடக்க வேண்டாம்.

நாள் முடிவானதும் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பெயர், வயது, உயரம், உடம்புக்கு என்ன, ரைடு ஏறுவாரா மாட்டாரா என்று எல்லோருக்கும் எழுதுங்கள். உயரத்தை அளந்துதான் எழுத வேண்டும். வீட்டு நிலைப்படியில் பிள்ளையை நிறுத்தி டேப் பிடித்தால் போதும். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அதற்கு மேல் 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். ஏறவிடுவார்களா மாட்டார்களா என்பதையும் ரைடு வாசலில் நிற்கும் அளவுகோல்தான் சொல்லும். மூணாவது படிக்கும் பையனிடம் "நீ இதில் ஏற முடியாது" என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் அங்கே வரிசையில் நின்ற பிறகு அழ மாட்டான். பெரியவர்களுக்குச் சலுகை உண்டு, ஆதார் கையில் இருக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் அடையாள அட்டையின் அசலை எடுத்துக்கொள்ளட்டும். கும்பலுக்கான கட்டணத்தை போன் போட்டுக் கேட்டுவிட்டு, டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள்.

அந்தத் தாளை வைத்துத்தான் குழு பிரிக்க வேண்டும். வீடு வீடாகப் பிரிக்காதீர்கள். எதில் ஏறுவார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் வேண்டும் என்கிற வயசுப் பிள்ளைகள் ஒரு குழு. தண்ணீர் மட்டும் போதும் என்பவர்கள் ஒரு குழு. சின்னக் குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும் ஒரு குழு. ஏறவே ஏறாத பெரியவர்கள் ஒரு குழு. ஆள் கூடினால் அதையே இரண்டாக்குங்கள்; ஒவ்வொன்றிலும் நாலு பேர் அல்லது ஆறு பேர் இருக்கட்டும், ஒற்றைப்படை வேண்டாம். நிறைய ரைடுகளில் இரண்டிரண்டு இருக்கைதான் இருக்கும். மூன்று பேர் போனால் ஒரு பிள்ளை முகம் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும், அல்லது ஏறாமலே நிற்கும். குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு போன். தலைவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை, நிதானமானவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய கொழுந்தனாரை விட அவருடைய மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். கொழுந்தனாரும் அதைச் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டார். ஓசூர்ப் பக்கத்து மருமகளோ மருமகனோ இருந்தால் ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைப் போடுங்கள். கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினால் பாதி வேலை சீக்கிரம் நடக்கும்.

எல்லாக் குழுவும் எப்போது சேர்வது? மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, போதும். இடம் உள்ளே போனதும் முடிவாகட்டும். நிழல் இருக்க வேண்டும், கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும்படி ஒரு பெயர்ப் பலகை இருக்க வேண்டும். "வாசல்கிட்ட" என்று சொல்லாதீர்கள், வாசலில் ஆயிரம் பேர் நிற்பார்கள். எல்லோரையும் அந்த இடத்துக்கு ஒரு முறை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அப்புறம் பிரியுங்கள். தண்ணீரில் இருக்கும்போது போன் லாக்கரில்தான் இருக்கும், கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்காது. அதனால் நேரமும் இடமும்தான் நமக்குத் துணை.

குழந்தைகள் கையில் அம்மா நம்பரை அழியாத மார்க்கரில் எழுதுங்கள், மதியம் ஒரு முறை மேலே எழுதிவிடுங்கள். தொலைந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சீருடை போட்ட ஊழியரிடம்தான் போக வேண்டும், வேறு யாரோடும் நடக்கக் கூடாது. அலைக்குளத்தில் இரண்டு சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை நான் விடவே மாட்டேன். அந்தப் பெரியவரின் கை எட்டும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்பது செல்லாது.

அடுத்தது துணி. நம் பக்கத்துப் பெண்களுக்கு இதில்தான் சங்கடம் அதிகம். தண்ணீர்ப் பகுதியில் பருத்தித் துணி, புடவை, வேட்டி, துப்பட்டா எதையும் விட மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டியில் அடைக்கும், நனைந்தால் கனக்கும். தொங்கும் துணி சறுக்கில் மாட்டும். இரும்பு ஜிப்பும் பட்டனும் சறுக்கைக் கீறிவிடும். நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் வேண்டும். முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடை பெண்களுக்குக் கிடைக்கிறது. அதைப் போட்டால் என் நாத்தனார் மாதிரிக் கூச்சப்படுகிறவர்களும் நிம்மதியாக இறங்குவார்கள். அங்கே போய் வாங்கினால் விலை கூடும். ஒரு வாரம் முன்பே தர்மபுரியிலோ ஓசூரிலோ வாங்கி, வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும் பனியன் துணி பருத்தி, அது வேண்டாம்.

நகையை வீட்டு பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். கொலுசு, வளையல், ஊக்கு எல்லாம் கழற்றிவிடுங்கள். ஊக்கு தண்ணீரில் விழுந்தால் யாரோ ஒரு குழந்தையின் காலைக் குத்தும். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளட்டும்.

வண்டி விஷயம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. தர்மபுரியிலிருந்து ரயிலில் பெங்களூரு போனாலும் முப்பது பேரோடு வண்டி மாறிப் பிடதி போவது பெரும்பாடு. வேன்தான் சரி. ஒரே பஸ்ஸைவிட இரண்டு டெம்போ டிராவலர் எடுப்பது நல்லது என்பேன். யாருக்காவது முடியவில்லை என்றால் ஒரு வண்டி முன்னாலேயே கிளம்பலாம். மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டியாகப் பாருங்கள். அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் கர்நாடக வரி யார் கட்டுவது, டோல் யார் தருவது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, அங்கிருந்து பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூரு சாலை. பார்க் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும் என்று ஏழு மணிக்குக் கிளம்பினால் சந்தாபுரம், பொம்மசந்திரத்திலேயே ஆபீஸ் கூட்டத்தில் மாட்டுவீர்கள். விடியற்காலை ஐந்துக்கு வண்டி எடுத்து, ஏழுக்குள் அத்திப்பள்ளி தாண்டிவிடுங்கள். பார்க் பக்கம் போய் நிதானமாகச் சாப்பிடலாம்.

சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். காலைக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் வெளியிலேயே முடித்துவிடுங்கள். ரைடு ஏறும் பிள்ளைகளுக்கு அளவாகப் போடுங்கள், ஏறும் முன் முக்கால் மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மதியச் சாப்பாடு உள்ளேதான். பன்னிரண்டுக்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும், ஒன்றரைக்குப் போனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களின் மாத்திரையும், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் பெரியவர்கள் குழுவின் பையில் இருக்கட்டும். முறுக்கு, வாழைப்பழம், கடலை உருண்டை எல்லாம் சாயங்காலத்துக்கு வண்டியிலேயே காத்திருக்கும்.

உள்ளே நுழைந்ததும் பெரிய ரைடுகளுக்கு முதலில் ஓடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவு. தண்ணீர்ப் பகுதி கொஞ்சம் தாமதமாகத் திறந்து, மற்றதைவிடச் சீக்கிரம் மூடிவிடும். அதன் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது திறந்ததும் ஊரே அங்கே போகும், அந்த நேரத்தில் நிலத்து ரைடுகள் காலியாகக் கிடக்கும். வயசுப் பிள்ளைகள் குழுவை அப்போது இன்னொரு சுற்று அனுப்பிவிட்டு, பிறகு தண்ணீருக்குப் போகச் சொல்லலாம். ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டுப் பத்துப் பேர் நடுவில் நுழைவது மட்டும் கூடாது. பின்னால் நிற்பவர்களும் குழந்தைகளோடுதான் வந்திருக்கிறார்கள்.

பெரியவர்களை மறக்காதீர்கள். இதை நான் மனதார வேண்டிக் கேட்கிறேன். எத்தனையோ குடும்பங்களில் அத்தையையும் பெரியப்பாவையும் பை காக்கும் ஆளாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார்கள். பைகளை லாக்கரில் போடுங்கள், அந்தக் காசு தகும். ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான ரைடுகளில் ஏறக் கூடாது. ஆனால் மெதுவாகச் சுற்றும் ராட்டினமும், சின்னப் பிள்ளைகளின் ரயிலும், இடுப்பளவு தண்ணீரும் அவர்களுக்கும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேரனோ பேத்தியோ முறை போட்டு அவர்களோடு இருக்கட்டும். எண்பதை நெருங்கும் என் மாமியார் தண்ணீரில் கால் நனைத்து உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்த பிறகு, அந்த முறையை எங்கள் வீட்டுப் பிள்ளைகளே தாளில் எழுதிவிடுகிறார்கள்.

திரும்பும்போது மூடும் நேரத்துக்கு அரைமணி முன்பே உடை மாற்றும் இடத்துக்குப் போங்கள், கடைசியில் அங்கேயும் வரிசை நிற்கும். ஈரத்துணிக்கு ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. வண்டியில் ஏறியதும் குழுத் தலைவர்கள் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணட்டும். மொத்தமாக எண்ணினால் தூங்கும் குழந்தை இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். சாயங்காலம் ஆறரைக்கு நகரத்துக்குள் நுழைந்தால் ஓசூர் சாலை முழுக்க நெரிசல். அதனால் பிடதியிலேயே நிறுத்தித் தட்டு இட்லி சாப்பிடுங்கள், அந்த ஊருக்குப் பெயரே அதில்தான். வெண்ணெய் வைத்துத் தருவார்கள், பசித்த பிள்ளைக்கு இரண்டு போதும். எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் சாலை கொஞ்சம் விட்டிருக்கும்.

டிரைவர் தம்பி பகலில் படுத்துத் தூங்கினாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலையிலேயே அவருக்குச் சாப்பாட்டுக் காசைக் கையில் கொடுத்து, நிழலான இடம் பார்த்துப் படுக்கச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டை வரை முன் இருக்கையில் தூங்காத ஒருவர் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே வரட்டும். செலவுக் கணக்கை மறுநாள் காலை குடும்ப வாட்ஸப்பில் போட்டு, மீதிப் பணத்தை அன்றைக்கே திருப்பிவிடுங்கள்.