ஆரம்பநிலை வெயிட் டிரெய்னிங்: எத்தனை மாதம் தொடர்வது, எப்போது மாற்றுவது

ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆனதுமே "உடம்பு பழகிடுச்சு, ஷெட்யூலை மாத்திடலாம்" என்பார் மாஸ்டர். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், சனிக்கிழமை லெக் என்று புது அட்டவணை வரும். பெரும்பாலானவர்களுக்கு அந்த மாற்றம் சீக்கிரம் வந்துவிடுகிறது. சரியாகச் செய்தால் ஆரம்பநிலை புரோகிராம் பொதுவாக 3 முதல் 9 மாதம் வரை பலன் தரும். உங்களுக்கு அது மூன்றா ஒன்பதா என்பதை, ஒவ்வொரு முறையும் தூக்கிய எடையை எழுதிவைக்கும் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நோட்டு எழுதாதவர் இன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள்.

நாம் பேசுவது வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யும் புரோகிராமை. ஒரு நாள் ஸ்குவாட் (பிளேட் மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ரோ (குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது). எல்லாவற்றிலும் 5 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) வீதம் 3 செட் (நிறுத்தாமல் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட்); டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்ற வேண்டும், டெட்லிஃப்டில் முதல் சில வாரம் 5 கிலோ கூட ஏற்றலாம். இன்று செய்த வேலையிலிருந்து 48 மணி நேரத்தில் தேறி, அடுத்த முறை கூடுதல் எடையைத் தூக்க முடிகிறவரை நீங்கள் ஆரம்பநிலைதான். ஐந்து வருடமாக ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தாலும் கணக்கு இதுவே.

20 கிலோ வெறும் பாரில் ஸ்குவாட் தொடங்கினால் வாரம் 7.5 கிலோ ஏறும், 8 வாரத்தில் 80 கிலோ. அதே ஆள் வாரம் ஒரு லெக் டே மட்டும் வைத்து ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்றினால் 8 வாரத்தில் 40 கிலோவில் நிற்பார். அவசரப்பட்டு மாற்றுவதால் போவது இந்த வித்தியாசம்தான்.

பார் 20 கிலோ என்று நம்பிவிடாதீர்கள். சின்ன ஜிம்களில் பல பார்கள் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பாரைக் கையில் பிடித்தபடி எடை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் தெரிந்துவிடும். எப்போதும் அதே பாரையே எடுங்கள். பார் தண்டவாளம் போன்ற கம்பிகளில் மேலும் கீழும் ஓடும் ஸ்மித் மெஷினில் தூக்கியதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயம், எடை நின்றுபோவது. நோட்டில் இப்படி இருக்கும்: ஸ்குவாட் 80 கிலோ, மூன்று செட்டில் முடித்த ரெப் 5, 5, 4. அடுத்த முறை அதே 80: 5, 4, 4. மூன்றாவது முறையும் 5, 4, 4. ஒரு நாள் தவறினால் பொருட்படுத்த வேண்டாம். ஒரே எடையில் தொடர்ந்து மூன்று முறை தவறினால் 10 சதவீதம் இறக்குங்கள். 80 என்றால் 72.5-க்கு வந்து, அங்கிருந்து மறுபடி 2.5 கிலோவாக ஏறுங்கள். நான்காவது முறை மீண்டும் 80-இல் இருப்பீர்கள், பெரும்பாலும் அதைத் தாண்டியும் போவீர்கள். இப்படி இரண்டு மூன்று முறை இறக்கி ஏறிய பிறகும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், அந்த லிஃப்டுக்கு (அந்தப் பயிற்சிக்கு) ஆரம்பநிலை முடிந்தது.

ஆனால் இறக்குவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சரிபாருங்கள், ஏனென்றால் பாதி தேக்கம் பொய்த் தேக்கம். செட்டுக்கு நடுவே ஒரு நிமிடம் மட்டும் ஓய்வெடுத்தால் மூன்றாவது செட் விழத்தான் செய்யும். கனமான செட்களுக்கு 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் எந்த புரோகிராமும் காப்பாற்றாது. சாப்பாட்டில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 95 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான். நான்கு இட்லி, சட்னியோடு காலை முடிந்துவிட்டால் பத்து கிராம் தேறுவதே கஷ்டம். முட்டை, கொண்டைக்கடலை சுண்டல், சிக்கன், பனீர், தயிர் என்று மூன்று வேளையிலும் பிரித்துச் சேருங்கள். ஒல்லியான ஆளுக்கு ஒரு மாதமாக உடல் எடையே ஏறவில்லை என்றால், பாரில் எடை ஏறாததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு பொய் இதற்கு நேர் எதிரானது: எடை ஏறும், ஆனால் ஸ்குவாட்டின் ஆழம் குறைந்துகொண்டே வரும். இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே போகாத ரெப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்தால் சந்தேகம் தீரும். டெட்லிஃப்டில் எடை கூடக்கூட முதுகு வளைகிறதென்றால், ஏற்றுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

எல்லா லிஃப்டும் ஒரே நாளில் நிற்காது. முதலில் நிற்பது ஓவர்ஹெட் பிரஸ்தான். 100 கிலோ டெட்லிஃப்டில் 2.5 கிலோ என்பது 2.5 சதவீதம், 30 கிலோ பிரஸ்ஸில் அது 8 சதவீதத்துக்கும் மேல். அதனால் பிரஸ்ஸுக்கும் பெஞ்சுக்கும் சீக்கிரமே ஒரு கிலோ ஏற்றத்துக்கு மாறுங்கள். பெண்களும் நாற்பது தாண்டியவர்களும் தொடக்கத்திலிருந்தே அப்படிச் செய்யலாம். ஜிம்மில் அவ்வளவு சின்ன பிளேட் இருக்காது. கணுக்காலில் கட்டும் அரை கிலோ வெயிட் பேண்ட் ஒரு ஜோடி வாங்கி, பாரின் இரு முனையிலும் சுற்றிவிட்டால் ஒரு கிலோ ஆயிற்று. பிரஸ் நின்றுவிட்டது என்பதற்காக ஸ்குவாட்டையும் சேர்த்து மாற்றாதீர்கள். நின்றதை மட்டும் மாற்றுங்கள்.

காய்ச்சல், பரீட்சை, ஊர்த் திருவிழா என்று இடைவெளி விழுந்தால் அதைத் தேக்கமாக எண்ண வேண்டாம். ஒரு வாரம் என்றால் 5 சதவீதம், இரண்டு வாரம் என்றால் 10 சதவீதம், ஒரு மாதம் என்றால் 20 முதல் 30 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். இழந்த எடை வேகமாகத் திரும்பிவரும். காய்ச்சல் விட்ட மறுநாளே கனமாகத் தூக்க வேண்டாம்.

உண்மையாகவே முடிந்துவிட்ட லிஃப்டில், ஏற்றத்தை ஒவ்வொரு முறையும் என்பதிலிருந்து வாரம் ஒருமுறைக்கு மாற்ற வேண்டும். ஸ்குவாட் 90 கிலோவில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் 82.5 கிலோவில் 5 ரெப் வீதம் 5 செட். புதன் 65 கிலோவில் 2 செட், உடம்பு தேறுவதற்காக. வெள்ளி 92.5 கிலோவில் 5 ரெப், ஒரே செட். வெள்ளி சரியாக வந்தால் அடுத்த வெள்ளி 95, திங்கள் 85. வெள்ளிக்கிழமை விழுந்தால் பெரும்பாலும் திங்கள்தான் பாரமாகியிருக்கும். அதில் ஒரு செட்டைக் குறைத்துவிட்டு அடுத்த வாரம் அதே வெள்ளி எடையை மறுபடி முயலுங்கள்.