சைக்கிளை பார்சலில் அனுப்பும்போது காப்பீடு தேவையா?

சைக்கிளை பார்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்று ஒரே இழுபறி. சேதமானால் பார்சல் நிறுவனம் எப்படியும் பணம் தரும்தானே என்று அவர்கள் விதிகளைப் படித்தால், எடையைக் கணக்குப் பார்த்து ஒரு வரம்பு வரைதான் தருவார்களாம். எடை குறைந்த, விலை கூடிய சைக்கிளுக்கு அது எந்த மூலைக்கு?

சரி, காப்பீடே எடுக்கலாம் என்றால் அதிலும் ஒரு கொக்கி: பேக்கிங் சரியில்லை என்றால் பணம் கிடையாது. அதனால் முதலில் பெட்டியைக் கவனித்தேன். பின்சக்கரத்து கியர் மாற்றியைக் கழற்றி சட்டத்துக்குள் கட்டினேன். அது மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டுதான் லேசான இடிக்கே வளையும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே, அவை நசுங்காமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் முட்டு (சைக்கிள் கடையில் தூக்கிப்போடுவதுதான், கேட்டால் கிடைக்கும்). மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அப்புறம், பில் கையில் இருந்ததால் முழு மதிப்புக்கும் காப்பீடு எடுத்தேன். பழைய வண்டியாக இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.