கடுங்கோடையில் கேரவனைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?

வெளியே 43 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்த ஒரு பிற்பகலில், கூரை ஏசி இடைவிடாமல் ஓடியும் என் கேரவனுக்குள் வெப்பநிலை 34 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஏசி வலுவிழந்துவிட்டது என்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கும் முடிவுக்கே வந்துவிட்டேன். ஆனால் பழுது ஏசியில் இல்லை. குளிர்காற்று அறைக்கு வந்து சேரும் வழியில் இருந்தது. அதைச் சரிசெய்த முறையையும், அதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியை நிறுத்தும் திசையைப் பாருங்கள். மாலை வெயில் நீண்ட நேரம் தாக்கும் மேற்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடிகள் வரக்கூடாது. நிழல் கிடைத்தால் அதைவிட மேலானது எதுவும் இல்லை.

அடுத்தது கண்ணாடிகளை மறைப்பது. திரையை உள்ளே தொங்கவிடுவதைவிட வெளியே கட்டுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடியைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்ட வெயிலின் பெரும்பகுதி, திரையில் பட்டு வெப்பமாக மாறி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே கட்டிய நிழல்வலையோ அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னுள்ள பெரிய கண்ணாடிக்கு இது மிகவும் அவசியம். கூரையில் உள்ள காற்றுப்போக்கித் திறப்பையும் மறந்துவிடாதீர்கள். அதன் மெல்லிய பிளாஸ்டிக் மூடி வெயிலைத் தடுப்பதே இல்லை என்பதால், திறப்பின் அளவுக்கு வெட்டிய தடித்த ஃபோம் அட்டையை உட்புறமிருந்து பொருத்திவிடுங்கள்.

இனி என்னைப் பல நாள் அலைக்கழித்த படிக்கு வருகிறேன். கூரை ஏசிக்குக் கீழே, உட்கூரைக்குள் ஒரு பெட்டி போன்ற இடம் இருக்கிறது. அறைக்காற்றை உறிஞ்சும் பகுதியும் குளிர்காற்றை வெளியே தள்ளும் பகுதியும் அதற்குள் அடுத்தடுத்து இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு மட்டுமே நிற்கிறது. அந்தத் தடுப்பில் இடைவெளி இருந்தால், குளிர்காற்றின் ஒரு பகுதி அறைக்கு வராமலே மீண்டும் ஏசிக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதை உறுதிசெய்ய ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். ஏசி 20 நிமிடம் ஓடிய பிறகு, அறையின் நடுவில் ஒரு முறையும், காற்றை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியிலோ அறையில் 34 டிகிரியும் சல்லடைக்குப் பின்னால் 27 டிகிரியும் இருந்தன.

மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்த பின்னரே சல்லடையைக் கழற்றுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தடுப்பின் விளிம்புகளிலும் மூலைகளிலும் உள்ள இடைவெளிகள் தெரியும். அந்த இடங்களைத் தூசி இல்லாமல் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு அலுமினிய ஃபாயில் டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். துணி டேப்பைப் பயன்படுத்தாதீர்கள். ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்குவதால் அதன் பசை விட்டுவிடும், நானும் முதலில் அதைத்தான் ஒட்டி இரண்டாம் முறை வேலை செய்ய நேர்ந்தது. உறிஞ்சும் பாதையையும் அங்கே செல்லும், வெப்பநிலையை அறியும் உணர்கருவிக் கம்பியையும் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை முடித்தபின், அதே அளவு வெயில் அடித்த இன்னொரு நாளில் உள்ளே 28 டிகிரி வரை இறங்கியது.

ஏசியை அறை சூடேறிய பிறகு போடாமல் காலையிலேயே போட்டுவிடுங்கள். சுவர், மெத்தை, மரப்பலகை எல்லாம் ஒரு முறை சூடேறிவிட்டால் அவற்றைக் குளிர்விக்கவே பல மணி நேரம் ஆகும். சமையலை இயன்றவரை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்; கேஸ் எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் வெளிப்படுவதால் ஏசியின் சுமை கூடுகிறது.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த வாசகர்கள் இருவர் புதிய சிக்கல்களை எழுதியிருந்தார்கள். ஒருவருக்குப் பிற்பகலில் மட்டும் கம்ப்ரசர் நின்றுபோனது. கேரவன்கள் நிறுத்தும் முகாமில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஏசி போடும்போது மின்னழுத்தம் குறைவதுதான் அதற்குக் காரணம். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிள் அதை மேலும் குறைக்கும். ஏசிக்குக் குறிப்பிட்ட அளவைவிட மின்னழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஏசியை நிறுத்திவிடுங்கள். மீண்டும் போடுவதற்கு முன் ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். மற்றவரின் ஏசிக்குள் பனிக்கட்டி படிந்திருந்தது. அழுக்கேறிய சல்லடையோடு மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்திருந்ததால் குளிர்ச்சுருளின் மீது போதிய காற்று செல்லவில்லை. கம்ப்ரசரை நிறுத்தி, பனி உருகும்வரை மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, சல்லடையைக் கழுவி மாட்டியதும் அது சரியாகிவிட்டது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் சல்லடையைக் கழுவுகிறேன். புழுதி மிகுந்த இடத்தில் வாரம் ஒரு முறை.