மாரடைப்புக்குப் பின் எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும்: இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

ஸ்டென்ட் வைத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். இஎஃப்-ஐ (இடக்கீழறை தன்னிலுள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் விழுக்காடு) நான்கறைக் காட்சியிலும் ஈரறைக் காட்சியிலும் சிம்ப்சன் முறையில் (அறையை வட்டுகளாகப் பிரித்துக் கொள்ளளவைக் கணிப்பது) அளந்து, எந்தச் சுவர் அசையவில்லை என்பதை, இடக்கீழறைச் சுவரை 17 பகுதிகளாகப் பிரித்த வரைபடத்தில் குறியுங்கள். பின்னால் வரும் எம்.ஆர்.ஐ.யை இதே வரைபடத்தின் மேல்தான் பொருத்திப் பார்க்கப் போகிறோம். பகுதிப் பிரிப்பு மாறினால் ஒப்பீடே பாழ்.

அதிகம் சறுக்குவது இதயத்தின் நுனியில். நுனி உருண்டு தடித்து, நன்றாகச் சுருங்குவதுபோல் தெரிந்தால் நம்பாதீர்கள்; எக்கோவின் ஒலிக்கற்றை நுனியைத் தொடாமல் குறுக்கே வெட்டியிருக்கும். புரோபை (மார்பில் வைக்கும் எக்கோ கருவியை) ஒரு விலா இடைவெளி கீழே, சற்றே இடப்பக்கம் நகர்த்துங்கள். முன்சுவர் மாரடைப்பில் ரத்தக்கட்டி உட்காரும் இடமும் அதுவே. ஐயமிருந்தால் கான்ட்ராஸ்ட் எக்கோ (அறையைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஊசியில் செலுத்தி எடுப்பது).

முதல் நாள் இஎஃப் 35 விழுக்காடு என்றதும் ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் கருவி) பற்றிப் பேசாதீர்கள். மயங்கிக் கிடக்கும் தசை சில வாரங்களில் விழிக்கக்கூடும். அந்த முடிவுக்கு மாரடைப்பு நடந்து குறைந்தது 40 நாளும், ரத்தக்குழாய் சிகிச்சை செய்திருந்தால் 3 மாதமும் கழித்து மறு எக்கோ வேண்டும்.

எக்கோ அசைவைச் சொல்லும். தசை செத்ததா, மயங்கியதா என்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். இப்போதைய ஸ்டென்ட்டுகள் இதற்குத் தடையில்லை. கேடோலினியம் (செத்த தசையை வெள்ளையாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. மருந்து) உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல் செலுத்தி 10 முதல் 15 நிமிடம் பொறுங்கள். நல்ல தசை கருப்பாகும்வரை இன்வர்ஷன் நேரத்தை (எம்.ஆர்.ஐ. துடிப்பலைக்கும் படம் பதிவதற்கும் இடையிலான காத்திருப்பு) திருத்துங்கள். அது தவறினால் தழும்பின் அளவும் தவறும். வெள்ளை, சுவரின் தடிமனில் பாதிக்குக் கீழென்றால் தசை மீள வாய்ப்பு நன்று. முக்காலைத் தாண்டினால் மிகக் குறைவு. முதல் வாரத்தில் வீக்கமும் சேர்ந்து வெளுப்பதால் தழும்பு பெரிதாகவே தெரியும்.

வெள்ளைக்குள் கருந்திட்டு இருந்தால் நுண்குழாய் அடைப்பு. அதே கருப்பு நிறம் இதய அறைக்குள் துருத்தினால் ரத்தக்கட்டியோ என்று பாருங்கள்: இன்வர்ஷன் நேரத்தை 600 மில்லிசெகண்டுக்கு ஏற்றினால் தசை சாம்பலாகும், கட்டி கருப்பாகவே நிற்கும்.

எக்கோவில் அசையாத பகுதி எம்.ஆர்.ஐ.யில் வெளுக்கவில்லையா? மயங்கிய தசை, பொறுத்திருக்கலாம். வெளுப்பு சுவர்த் தடிமனில் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவே நின்றால் எஃப்.டி.ஜி. பெட் (கதிரியக்கக் குளுக்கோஸ் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) கேளுங்கள்: ரத்தஓட்டம் குறைந்தும் குளுக்கோஸை உறிஞ்சினால் உயிருண்டு. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினால் சர்க்கரையைச் சரிசெய்யாமல் எடுத்தால் இதயம் முழுக்க மங்கி, படம் வீணாகும்.